கடை ஒருத்தருக்கு, கட்டடம் எல்லாருக்குமா? உயில், செட்டில்மென்ட், பார்ட்னர்ஷிப் மூணையும் வச்சு ஒரு கணக்கு

முதல்ல ஒரு பயத்த எடுத்து வெளிய போட்டுருவோம். வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு "அப்பா போயிட்டா சொத்துல 40 பர்சன்ட் கவர்ன்மென்ட்டுக்கு போயிரும்"னு பேசுறவங்க இப்ப நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் தக்கலை பக்கமும் இருக்காங்க. அந்த 40 பிரிட்டன் கணக்கு, அங்க 3,25,000 பவுண்டுக்கு மேல உள்ளதுக்கு அந்த ரேட்டு. அமெரிக்காலயும் மேல் ரேட்டு 40 தான், ஆனா 2026ல ஒண்ணரை கோடி டாலர் வரைக்கும் அங்க விலக்கு இருக்கு, நம்ம ஹார்டுவேர் கடைக்காரர் அதுக்காக தூக்கம் கெட வேண்டாம். இந்தியால 1953ல வந்த எஸ்டேட் டியூட்டி (செத்தவர் சொத்துக்கு போட்ட வரி) 1985 மார்ச்சோட போச்சு, கிஃப்ட் டாக்ஸ் 1998ல போச்சு, வெல்த் டாக்ஸ் 2015ல போச்சு. இன்னைக்கு அப்பா கிட்டயிருந்து மகனுக்கோ மகளுக்கோ சொத்து போனா, உயிரோட இருக்கும்போது எழுதினாலும் சரி செத்த பிறகு வந்தாலும் சரி, வாங்குறவங்களுக்கு வருமான வரி ஒண்ணும் இல்ல.

அப்ப எதுக்கு இவ்வளவு யோசனைன்னா, வரி இல்லாத எடத்துலதான் இங்க குடும்பம் உடையுது, கடையும் மூடுது. என்னோட கருத்து நேரா சொல்லிடுறேன், மண்ணையும் கடையையும் ஒரே பேப்பர்ல போட்டு முடிக்கப் பாக்காதீங்க, ரெண்டுக்கும் வேற வேற வழி வேணும். ஏன்னு கீழ வருது.

ஒரு மாதிரி குடும்பம் வச்சுக்குவோம். மார்த்தாண்டத்துல சிமென்ட் கம்பி பெயின்ட் கடை, அப்பா வயசு 68, கடை அவருக்க பேர்ல, அதாவது தனி புரோப்ரைட்டர், கடை இருக்குற 8 சென்ட்டும் கட்டடமும் அவர் பேர்ல, குலசேகரம் பக்கம் 2 ஏக்கர் ரப்பர் தோட்டம். மூத்தவன் கடையில நிக்கான், இளையவன் துபாய்ல, மகள கருங்கல்ல கெட்டிக் குடுத்தாச்சு, நகையும் பைசாவும் அப்பவே குடுத்தாச்சு. யார் வீட்டு கதையும் இல்ல இது, ஆனா வாசிக்கிற பாதிப் பேருக்கு சொந்த வீடு மாதிரியே இருக்கும்.

ஒண்ணும் எழுதாம விட்டா என்ன ஆகும்? இதுவும் ஒரு ஆப்ஷன்தான், நம்மூர்ல ரொம்ப பேர் தெரியாமலே எடுக்குற ஆப்ஷன். இந்துவா இருந்தா அம்மா, மூணு பிள்ளைங்க, அப்பாவோட அம்மா உயிரோட இருந்தா அவங்களும், எல்லாருக்கும் சமபங்கு. பாட்டி பங்க நெறைய பேர் மறந்துடுவாங்க. கிறிஸ்தவ குடும்பம்னா மனைவிக்கு மூணுல ஒண்ணு, மிச்சம் மூணுல ரெண்டு பிள்ளைங்களுக்கு சமமா, பிள்ளைங்க இருக்கும்போது பாட்டிக்கு பங்கு இல்ல. முஸ்லிம் குடும்பத்துக்கு ஷரியத் பங்கு, அங்க உயிலும் மூணுல ஒரு பங்குக்கு மேல செல்லாது, வாரிசுகள்ல ஒருத்தருக்கே உயில் எழுதணும்னா மத்த வாரிசுங்க சம்மதிக்கணும், அதனால ஹிபா (உயிரோட இருக்கும்போதே குடுக்குற தானம்) பண்றவங்கதான் அதிகம், அதுக்கும் சொத்த நெஜமாவே கைமாத்திக் குடுத்திருக்கணும்.

இந்த எடத்துல நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம். அங்க கிறிஸ்தவங்களுக்கு 1916ல போட்ட ஒரு தனி வாரிசு சட்டம் இருந்துச்சு. அதுல மகளுக்கு மகனோட பங்குல கால்வாசி இல்லன்னா 5,000 ரூபா, இதுல எது கொறவோ அது, சீதனம் குடுத்தாச்சுன்னாலோ குடுக்குறதா சொல்லியாச்சுன்னாலோ அதுவும் இல்ல. சம பங்கு கேட்டு மேரி ராய் போட்ட கேஸ்ல 1986ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, 1951 ஏப்ரல் 1ல இருந்தே அந்த சட்டம் செல்லாது, 1925 இந்திய வாரிசுரிமை சட்டம்தான்னு. சட்டம் மாறி இத்தனை வருஷம் ஆகியும் "அவளுக்குத்தான் சீதனம் குடுத்தாச்சே"ங்குற பேச்சு மட்டும் மாறவே இல்ல, இந்து வீட்லயும் இதே பேச்சுதான். கல்யாணத்துக்கு 100 பவுன் போட்டாலும் உயில் இல்லாம அப்பா போயிட்டா மகளுக்கு சம பங்கு உண்டு. இந்துக்கள்ல பூர்வீக சொத்துலயும் 2005 திருத்தத்துக்கு பிறகு மகளுக்கு பிறப்புலயே உரிமை, அப்பா எப்ப செத்தார்ங்குறது முக்கியம் இல்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிட்டு. அதனால மகளுக்கு குடுத்தத கணக்குல எடுக்கணும்னு அப்பா நினைச்சா, அத அவர்தான் எழுதி வைக்கணும், பிள்ளைங்க பின்னால வாயால சொல்லி ஒண்ணும் நடக்காது.

சரி, உயில். செலவு ரொம்ப கம்மி, ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது, பதிவு கட்டாயம் இல்ல, ரெண்டு சாட்சி போதும், எத்தனை தடவ வேணும்னாலும் மாத்தலாம், கடைசியா எழுதுனதுதான் நிக்கும். சாவி கடைசி வரைக்கும் அப்பா கையில. நம்ம மாவட்டத்துல உள்ள சொத்துக்கு கோர்ட்ல புரொபேட் (உயில் உண்மைதான்னு கோர்ட் குடுக்குற சான்று) வாங்கணும்ங்குற கட்டாயமும் இல்ல, கிறிஸ்தவங்களுக்கு முன்னாடி இருந்துச்சு, 2002ல அத எடுத்துட்டாங்க. ஆனா உயிலோட வீக்னஸ் என்னன்னா அது பேச ஆரம்பிக்கும்போது எழுதுனவர் இருக்க மாட்டார். "அப்பாக்கு அப்ப நெனவே இல்ல, அண்ணன் கையப் புடிச்சு போட வச்சிட்டான்"னு ஒரு கேஸ் போட்டா போதும், சாட்சிய கோர்ட்டுக்கு கூப்பிடணும், அந்த சாட்சிக்கு அப்ப 85 வயசு. அதனால சாட்சிக்கு வயசுல சின்னவங்களா, ஊர்லயே இருக்குறவங்களா ரெண்டு பேரப் போடுங்க. கிறிஸ்தவங்க இன்னொண்ணு கவனிக்கணும், சாட்சி போட்டவருக்கோ அவர் வீட்டுக்காரர் வீட்டுக்காரிக்கோ அந்த உயில்ல ஏதாவது எழுதியிருந்தா அந்த பங்கு செல்லாது. மருமகன் சாட்சி போட்டு மகளுக்க பங்கு போற கொடுமை இப்படித்தான் வரும். உயில் எழுதின பிறகு ரெண்டாம் கல்யாணம் பண்ணினா கிறிஸ்தவங்களுக்கு பழைய உயில் தன்னால ரத்து, இந்துக்களுக்கு இந்த ரெண்டு விதியும் கிடையாது. பதிவு கட்டாயம் இல்லன்னாலும் நான் பதிவு பண்ணத்தான் சொல்லுவேன், வீட்ல பீரோவுல வச்ச உயில் யார் கைக்கு முதல்ல கிடைக்குதோ அவங்க இஷ்டம்னு ஆயிரும்.

செட்டில்மென்ட் பத்திரம், அதாவது உயிரோட இருக்கும்போதே சொத்த எழுதிக் குடுக்குறது, இதுக்கு நேர் எதிர். பதிவு பண்ணின அன்னைக்கே சொத்து மாறும், பின்னால உயில் சண்டை கிடையாது, பட்டாவும் சீக்கிரம் மாத்திரலாம். தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ளன்னா ஸ்டாம்ப் டியூட்டி மதிப்புல 1 பர்சன்ட், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 பர்சன்ட், அதிகபட்சம் 10,000, இது 2023 ஜூலைல கூட்டுன ரேட்டு, அதுக்கு முன்னாடி 25,000மும் 4,000மும்தான். கட்டடமும் எடமும் சேத்து வழிகாட்டி மதிப்பு 1 கோடின்னா மொத்தமே 50,000ல முடிஞ்சுது, அதே சொத்த வெளி ஆளுக்கு வித்தா 7 பிளஸ் 2, ஒம்பது லட்சம். குடும்பம்னா யார் யாருன்னு மட்டும் பாத்துக்கங்க, அப்பா அம்மா, புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க வரைக்கும் சரி. பிள்ளை இல்லாத சித்தப்பா அண்ணன் மகனுக்கு எழுதினா வருமான வரிக்கு அவங்க உறவு, வரி இல்ல, ஆனா சார்பதிவாளர் ஆபீஸ்ல அது குடும்பம் இல்ல, முழு ரேட்டு. ரெண்டு ஆபீஸுக்கும் உறவு முறை வேற வேற!

இதுல ஆபத்து மூணு. ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது, எழுதி வாங்கின பிறகு மகன் பாக்கல. மகன் ஏத்துக்கிட்ட பத்திரத்த அப்பா தனியா போய் ரத்து பண்ண முடியாது. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல நாகர்கோவில் ஆர்டிஓ ஆபீஸ்லயோ பத்மநாபபுரம் சப் கலெக்டர் ஆபீஸ்லயோ மனு போட்டு ரத்து கேக்கலாம், ஆனா பராமரிக்கணும்ங்குற நிபந்தனை இருந்துச்சுன்னு காட்டணும்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, 2025 ஜனவரில இன்னொரு கேஸ்ல இந்த சட்டத்த பெரியவங்களுக்கு சாதகமா தாராளமா பாக்கணும்னு சொல்லிச்சு. கோர்ட் எப்படி பாக்கும்னு யோசிக்கிறத விட, பத்திரத்துலயே நாலு வரி சேத்து எழுதுறது மலிவு: என் ஆயுசு வரைக்கும், எனக்குப் பிறகு என் மனைவி ஆயுசு வரைக்கும் இந்த கட்டடத்த அனுபவிக்கவும் வாடக வாங்கவும் எங்களுக்கு உரிமை, சாப்பாடு மருந்து செலவு மகன் பாக்கணும், பாக்கலன்னா பத்திரம் ரத்து. இந்த வரிய கேட்டதும் மகன் மொகம் மாறுச்சுன்னா அதுவும் ஒரு தகவல்தான்.

ரெண்டாவது ஆபத்த யாரும் பேச மாட்டாங்க, அப்பாவுக்கு முன்னாடி மகன் போயிட்டா? பைக்குலதான எல்லாரும் போறோம். எழுதிக் குடுத்த சொத்து மகனோட வாரிசுங்களுக்கு போகும், அப்பா கைக்கு திரும்பி வராது. இந்துன்னா அம்மாவுக்கு ஒரு பங்கு வரும், கிறிஸ்தவங்கன்னா மருமகளுக்கும் பேரப்பிள்ளைங்களுக்கும்தான், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. மூணாவது, கட்டடம் பேங்க்ல ஓவர்டிராஃப்ட் லிமிட்டுக்கு அடமானத்துல இருந்தா பேங்க் எழுத்துல சம்மதம் குடுக்காம பத்திரம் போட்டா லிமிட்ட கேன்சல் பண்ணி நிப்பாங்க.

இதுல துபாய் மகன் விஷயம் தனி. ரப்பர் தோட்டத்த அவன் பேருக்கு செட்டில்மென்ட் எழுத முடியாது. ஃபெமா (அந்நியச் செலாவணி சட்டம்) விதிப்படி வெளிநாட்டுல இருக்குற இந்தியருக்கு விவசாய நெலம், தோட்டம், பண்ணை வீடு இதெல்லாம் தானமா குடுக்கக் கூடாது, அவங்க வாங்கவும் கூடாது. ஆனா வாரிசா வந்தா, உயில்ல வந்தா தாராளமா வச்சுக்கலாம். கடைக் கட்டடத்துக்கு இந்த தடை இல்ல. ஆக ஒரே அப்பா, ஒரே மகன், சொத்து எதுங்குறத பொறுத்து பேப்பர் மாறுது. தென்னந்தோப்பும் ரப்பரும் இல்லாத வீடு நம்ம மேற்கு பக்கம் கம்மி, வெளிநாட்டுல ஆள் இல்லாத வீடு அதவிட கம்மி, அதனால இத நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. லண்டன் பக்கம் நர்ஸா இருக்குற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்த, இங்க அப்பா சாகும்போது அவருக்க இந்திய சொத்துக்கு பிரிட்டன்ல வரி இல்ல, ஆனா அது உங்க கைக்கு வந்து, நீங்க அங்க 20 வருஷத்துல 10 வருஷம் இருந்தவங்களா ஆயிட்டா, உங்களுக்குப் பிறகு இந்த நாகர்கோவில் வீடும் அங்க கணக்குல வரலாம், 2025 ஏப்ரல்ல மாத்தின விதி அது. அமெரிக்கால இருக்குறவங்க அப்பா கிட்டயிருந்து ஒரு வருஷத்துல 1,00,000 டாலருக்கு மேல மதிப்புல வாங்கினா வரி இல்லன்னாலும் அங்க ஃபார்ம் 3520 குடுக்கணும், குடுக்கலன்னா அபராதம் பெருசு.

இனி கடை. நெறைய பேர் சறுக்குறது இங்கதான். உயில்ல "கடை மூத்தவனுக்கு"ன்னு ஒரு வரி எழுதிட்டா கடை போயிருமா? தனி புரோப்ரைட்டர்னா கடையும் ஆளும் ஒண்ணுதான். அவர் போன அன்னைக்கு கரன்ட் அக்கவுன்ட்ட பேங்க் நிறுத்தும், அவர் கையெழுத்து போட்ட செக் எல்லாம் திரும்பும், சிமென்ட் கம்பெனி டீலர் கோடு அவர் பேர்ல, கம்பி வந்த லோடுக்கு பில் யார் பேர்ல போடுறதுன்னு டிரைவர் நின்னு கேப்பான். ஜிஎஸ்டி நம்பர் அவரோட பான் நம்பர்ல இருக்கு, அத மகன் பேருக்கு மாத்த முடியாது, புதுசா எடுக்கணும். பழைய நம்பர்ல உள்ள இன்புட் கிரெடிட்ட (சரக்கு வாங்கும்போது கட்டின வரியில இன்னும் கழிக்காத மிச்சத்த) ஐடிசி-02 ஃபார்ம்ல புது நம்பருக்கு கொண்டு வரலாம், அதுக்கு ஆடிட்டர் சர்டிஃபிகேட் வேணும், பழைய பாக்கி இருந்தா அதுவும் கடைய நடத்துற வாரிசு தலையில. வாரிசு சான்றிதழ் தாசில்தார் ஆபீஸ்ல கையில கிடைக்குற வரைக்கும் பேங்க் அசையாது. இந்த இடைவெளியில வாடிக்கைக்காரன் அடுத்த கடைக்கு போயிருவான், கான்ட்ராக்டருக்கு நாளைக்கு கான்கிரீட்.

அதனால அப்பா இருக்கும்போதே கடைய பார்ட்னர்ஷிப் ஆக்கிடணும்னு சொல்லுகேன். இதுல ஒரு முக்கியமான கண்ணி இருக்கு. அப்பாவும் மூத்தவனும் ரெண்டே பேர் பார்ட்னர்னா, ஒருத்தர் போன உடனே ஃபர்ம் கலைஞ்சுது, "ஒருத்தர் இறந்தாலும் தொடரும்"னு பார்ட்னர்ஷிப் பத்திரத்துல எழுதி இருந்தாலும் தொடராது, ஒரு ஆள் மட்டும் பார்ட்னர்ஷிப் நடத்த முடியாதுல்ல. மூணாவதா அம்மாவ ஒரு சின்ன பங்குக்கு சேருங்க, தொடரும்ங்குற வரியையும் போடுங்க, அப்பதான் அப்பா போன மறுநாள் அதே அக்கவுன்ட், அதே ஜிஎஸ்டி நம்பர், கடை தெறக்கும்.

இதுக்கு வெல இருக்கு, மறைக்க வேண்டாம். தனி ஆளா 10 லட்சம் லாபம்னா வருமான வரி புது ரெஜிம்ல 12 லட்சம் வரைக்கும் ரிபேட்ல வரி ஜீரோ. ஃபர்முக்கு ஸ்லாப் கிடையாது, நேரா 30, செஸ் சேத்து 31.2 பர்சன்ட். வேலை பாக்குற பார்ட்னருக்கு சம்பளம் கழிக்கலாம், முதல் 6 லட்சத்துல 90 பர்சன்ட், மேல உள்ளதுல 60 பர்சன்ட். 10 லட்சத்துக்கு 7,80,000 கழிஞ்சு 2,20,000க்கு வரி 68,640. முதலுக்கு 12 பர்சன்ட் வரைக்கும் வட்டி எடுத்தா அதுவும் இன்னும் கொறயும். அந்த சம்பளத்துக்கும் வட்டிக்கும் 2025 ஏப்ரல்ல இருந்து ஃபர்ம் 10 பர்சன்ட் டிடிஎஸ் பிடிக்கணும், ரிட்டர்ன் போட்டா திரும்ப கிடைக்கும், ஆனா அது ஒரு கூடுதல் சோலி. வருஷம் அறுபதாயிரம் எழுபதாயிரம் குடுத்து கடை நிக்காம ஓடுறதுக்கு ஒரு இன்ஷூரன்ஸ்னு நான் பாக்குறேன். அஞ்சு லட்சம் லாபம் வர்ற சின்ன கடைக்கு இது தேவை இல்ல, அங்க மகன் பேர்ல இப்பவே தனி ஜிஎஸ்டி எடுத்து மெதுவா யாவாரத்த அங்க நகத்துறது நல்லது.

கட்டடத்த மட்டும் ஃபர்முக்குள்ள கொண்டு போகாதீங்க. உள்ள கொண்டு போகும்போது ஒரு கேப்பிடல் கெயின்ஸ் வரி (மதிப்பு கூடுன லாபத்துக்கு), நாளைக்கு பிரியும்போது எடுத்தா ஃபர்முக்கு ஒரு வரி. கட்டடம் அப்பா பேர்லயே இருக்கட்டும், ஃபர்ம் வாடக குடுக்கட்டும், அப்பாக்கும் கையில மாசம் பைசா, யார்கிட்டயும் கேக்க வேண்டாம்.

எல்எல்பியும் (பார்ட்னருங்க பொறுப்பு ஒரு வரம்புக்குள்ள இருக்குற பார்ட்னர்ஷிப்) கம்பெனியும் எப்ப? அண்டி (முந்திரி) ஆலை, போட் யார்டு மாதிரி பெரிய முதல், நாலு பிள்ளைங்க, அதுல ஒருத்தன்தான் நடத்துறான்னா கம்பெனி நல்லது, ஷேர பிரிக்கலாம், டைரக்டர் நாற்காலிய பிரிக்க வேண்டாம். வரியும் 25 பர்சன்ட் சொச்சம்தான், ஆனா வருஷா வருஷம் ஆடிட் கட்டாயம். எல்எல்பிக்கு வரி ஃபர்ம் மாதிரியே, ஆடிட் யாவாரம் 40 லட்சமோ முதல் 25 லட்சமோ தாண்டினாத்தான். ஷேருக்கு நாமினி போட்டாச்சு, அவனுக்கே சொந்தம்னு நினைச்சிடாதீங்க, நாமினி வாங்கி வச்சுக்குற ஆள்தான், உரிமை வாரிசுக்குன்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு.

பிரைவேட் டிரஸ்ட் (குடும்பத்துக்காக சொத்த ஒருத்தர் பொறுப்புல வச்சு நடத்துறது) பத்தி பெரிய ஊர் வக்கீலுங்க சொல்லுவாங்க. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்குற வீட்டுக்கு அது நெஜமாவே தேவை. மத்தபடி பங்கு இவ்வளவுன்னு குறிக்காத டிரஸ்ட்னா வருமானத்துக்கு உச்ச ரேட்ல வரி, நம்ம மாதிரி குடும்பத்துக்கு வேண்டாத செலவு.

வரி நெஜமா வர்றது பிள்ளைங்க விக்கும்போது. சொத்து உங்க கைக்கு வந்த அன்னைக்கு உள்ள மதிப்பு உங்க வெலயா ஆகாது, அப்பா வாங்கின வெலதான் உங்க வெல, 2001க்கு முன்னாடி வாங்கினதுன்னா 2001 ஏப்ரல் 1 மதிப்ப எடுக்கலாம். அது 2 லட்சம், இப்ப 60 லட்சத்துக்கு விக்கீங்கன்னா 58 லட்சத்துக்கு 12.5 பர்சன்ட், 7,25,000. இது உயில்ல வந்தாலும் செட்டில்மென்ட்ல வந்தாலும் ஒண்ணுதான், அதனால வரிக்காக இதுவா அதுவான்னு மண்டைய உடைக்க வேண்டாம். அம்மா பேருக்கோ மருமக பேருக்கோ எழுதினா மட்டும் ஒரு வித்தியாசம், அந்த வாடக அப்பா உயிரோட இருக்குற வரைக்கும் அப்பா வருமானத்துலதான் சேரும்.

ஆக நம்ம மாதிரி குடும்பத்துக்கு நான் சொல்றது: கடை இப்பவே பார்ட்னர்ஷிப், அப்பா, மூத்தவன், அம்மா. கட்டடம் உயில்ல, மூத்தவனுக்கு பெரும் பங்கு, மகளுக்கு ஒரு பங்கோ இல்லன்னா மூத்தவன் இத்தனை வருஷத்துல இவ்வளவு பைசா குடுக்கணும்னோ தெளிவா தொகை எழுதி. தோட்டம் இளையவனுக்கு, அதுவும் உயில்லதான், வேற வழி அவனுக்கு கிடையாது. மூத்தவன் கட்டடத்துல சொந்த பைசா போட்டு மேல மாடி எழுப்பப் போறான்னா மட்டும் அவன் பங்குக்கு ஆயுள் உரிமை வச்சு செட்டில்மென்ட். மூணு பிள்ளைங்களும் ஒத்து வந்து, மகளும் வந்து கையெழுத்து போடுவான்னா, பூர்வீக சொத்துல பாகப்பிரிவினைய அப்பா இருக்கும்போதே முடிச்சுடுறது எல்லாத்தையும் விட நல்லது, பங்குக்கு அதே 40,000 10,000 உச்சவரம்புதான்.

இதெல்லாம் எழுதப் போறதுக்கு முன்னாடி அப்பா பேர்ல உள்ளது நெஜமாவே அப்பாக்க சொத்தான்னு மூலப் பிரமாணத்த (மூலப் பத்திரத்த) எடுத்து பாருங்க. இங்க பழைய பிரமாணம் மலையாளத்துல, கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும், வாசிக்கத் தெரிஞ்ச ஆவண எழுத்தர்கிட்ட குடுத்து வாசிச்சு, ரீசர்வே நம்பரோட ஒத்துப் பாக்கணும். கரம் (நெல வரி) கெட்டுறது அப்பா, பட்டா இன்னும் தாத்தா பேர்லன்னா, தாத்தா உயில் எழுதாம போயிருந்தா அத்தைங்களுக்கும் அதுல பங்கு கெடக்கு. அத்தைங்க இருக்கும்போதே போய் பேசி விடுதலைப் பத்திரம் (பங்க விட்டுக் குடுக்குற பத்திரம்) வாங்குங்க, அவங்களுக்கு ஏதாவது குடுத்தே வாங்குங்க. அவங்க போயிட்டா அத்தை பிள்ளைங்க கையெழுத்து வேணும், ஒருத்தன் சவூதி, ஒருத்தி கனடா, தூதரகத்துல பவர் போட்டு அனுப்பி, அது இங்க வந்து மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் கட்டி, அதுலயும் ஒருத்தன் "எனக்கு என்ன தருவீங்க"ன்னு கேப்பான்.